பல்பரிமாண வறுமைச் சுட்டெண்

பல்பரிமாண வறுமைச் சுட்டெண் என்பது வறுமையை வருமானத்தைக் கொண்டு மட்டும் அளவிடாமல், ஒரு குடும்பம் ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும் பல்வேறு இல்லாமைகளின் கூட்டாக அளவிடும் முறை ஆகும். 1997 முதல் வழக்கிலிருந்த மனித வறுமைச் சுட்டெண்ணுக்கு மாற்றாக, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து 2010 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். வளர்ந்துவரும் நாடுகளில் எத்தனை பேர் வறியவர்கள் என்பதுடன், அவர்கள் எந்த அளவுக்கு வறியவர்கள் என்பதையும் காட்டுவது இதன் சிறப்பு.

== பின்னணி ==

வறுமையை அளக்க வருமானக் கோடு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை, 2021 ஆம் ஆண்டின் கொள்வனவு ஆற்றல் அடிப்படையில், நாளொன்றுக்கு 3 டாலர் என மாற்றியமைத்தது. ஆனால் ஊரில் பள்ளியோ தூய குடிநீரோ இல்லாதபோது, கோட்டுக்கு மேலே வருமானம் உள்ள குடும்பமும் அவற்றைப் பெற இயலாது. மனிதர் எதைச் செய்யவும் எவ்வாறு வாழவும் இயலும் என்பதே முதன்மையானது என்ற அமர்த்தியா சென்னின் சிந்தனை இச்சுட்டெண்ணுக்கு அடிப்படையாக அமைந்தது. இதன் கணக்கீட்டு முறையைச் சபீனா அல்கயர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஆகியோர் உருவாக்கினர்.

== அளவீட்டு முறை ==

உலகளாவிய சுட்டெண் மூன்று பரிமாணங்களையும் பத்துக் குறிகாட்டிகளையும் கொண்டது. ஒவ்வொரு பரிமாணத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு உண்டு.

* உடல்நலம்: ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு (தலா 1/6)
* கல்வி: பள்ளியில் பயின்ற ஆண்டுகள், பள்ளி வருகை (தலா 1/6)
* வாழ்க்கைத் தரம்: சமையல் எரிபொருள், கழிப்பிட வசதி, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள் (தலா 1/18)

எடுத்துக்காட்டாக, குடும்பத்தில் ஒருவர்கூட ஆறு ஆண்டுகள் பள்ளியில் பயின்றிராவிட்டால் அது கல்வி ஆண்டுகளில் ஓர் இல்லாமை ஆகும். இல்லாமைகளின் மதிப்புகளைக் கூட்டினால் 1/3 அல்லது அதற்கு மேல் வரும் குடும்பத்தின் உறுப்பினர் அனைவரும் வறியவராகக் கணக்கிடப்படுவர். மக்கள்தொகையில் வறியவரின் விகிதம் ''வறியோர் விகிதம்'' எனப்படும். வறியவர் எதிர்கொள்ளும் இல்லாமைகளின் சராசரி ''வறுமைச் செறிவு'' எனப்படும். இவ்விரண்டின் பெருக்கற்பலனே சுட்டெண்.

== எடுத்துக்காட்டு ==

20 பேர் வாழும் ஒரு சிற்றூரைக் கொள்வோம்.

* முதற் குடும்பம் (5 பேர்): ஊட்டச்சத்து, எரிபொருள், கழிப்பிடம், வீடு ஆகியவற்றில் இல்லாமை. கூட்டு 6/18, வறிய குடும்பம்.
* இரண்டாம் குடும்பம் (5 பேர்): ஊட்டச்சத்து, கல்வி ஆண்டுகள், எரிபொருள், கழிப்பிடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றில் இல்லாமை. கூட்டு 10/18, வறிய குடும்பம்.
* மூன்றாம் குடும்பம் (10 பேர்): எரிபொருள், கழிப்பிடம் மட்டும். கூட்டு 2/18, வறிய குடும்பம் அன்று.

வறியோர் விகிதம் 50%. செறிவு 8/18, அதாவது 44.4%. சுட்டெண் 0.222. இனி இரண்டாம் குடும்பத்துக்குக் குடிநீரும் மின்சாரமும் கிடைப்பதாகக் கொண்டால், அதன் கூட்டு 8/18 ஆகும். அக்குடும்பம் இன்னும் வறியதே. எனவே வறியோர் விகிதம் மாறாது. ஆயினும் செறிவு 38.9% ஆகவும் சுட்டெண் 0.194 ஆகவும் குறையும்.

இவ்வேறுபாடு கொள்கை வகுப்பில் இன்றியமையாதது. தலைகளை மட்டும் எண்ணும் அரசு, எல்லைக்கு அருகில் உள்ள முதற் குடும்பத்தைத் தூக்கிவிட்டாலே வெற்றி காட்டலாம். மிக வறிய குடும்பத்துக்குச் செய்த உதவி அக்கணக்கில் தோன்றாது. இச்சுட்டெண்ணில் அதுவும் பதிவாகிறது.

== இந்தியாவில் ==

நிதி ஆயோக் 2021 இல் தேசியப் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணை வெளியிட்டது. இதில் பேறுகால நலம், வங்கிக் கணக்கு ஆகியவை சேர்க்கப்பட்டு, குறிகாட்டிகள் பன்னிரண்டாயின. தேசியக் குடும்பநல ஆய்வுகளின் தரவுகளைக் கொண்டு 2023 இல் வெளியான அறிக்கையின்படி, வறியோர் விகிதம் 2015-16 இல் 24.85% ஆக இருந்து 2019-21 இல் 14.96% ஆகக் குறைந்தது. செறிவோ 47.14% இலிருந்து 44.39% ஆகவே குறைந்தது. அதாவது, வறுமையில் எஞ்சியோரின் நிலை ஒப்பீட்டளவில் சிறிதளவே மாறியது. 2019-21 இல் பீகாரில் 33.76% பேரும் தமிழ்நாட்டில் 2.20% பேரும் கேரளத்தில் 0.55% பேரும் வறியவர்களாக இருந்தனர்.

== வரம்புகள் ==

* குறிகாட்டிகளின் மதிப்புகளும் 1/3 என்ற எல்லையும் இயற்கையாக அமைந்தவை அல்ல. அவை ஆய்வாளர்களின் தேர்வுகள்.
* குடும்ப ஆய்வுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடைபெறுவதால், திடீர் நெருக்கடிகள் உடனே பதிவாவதில்லை.
* வேலையின் தரம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு போன்றவை இதில் இடம்பெறவில்லை.
* குடும்பமே அளவீட்டு அலகு என்பதால் குடும்பத்துக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு மறைகிறது. மகன் ஆறு ஆண்டுகள் பயின்றிருந்தால், பள்ளிக்கே செல்லாத தாயும் அக்குறிகாட்டியில் இல்லாமை அற்றவராகவே கொள்ளப்படுகிறார்.