புகைச் சான்றிதழ் சொல்லாத சேதி

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், டீசல் என்றால் என்னவென்று மூக்கே சொல்லிவிடும். ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ், முசிறி, நாமக்கல் பக்கம் போகும் பஸ், நடுநடுவே சமயபுரத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் ஆள் ஏற்றிப் போகிற வாடகை வண்டிகள். மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்று தெரிந்தால் வண்டிக்காரர்கள் நம்மை விடமாட்டார்கள். "ஏன் தம்பி, கம்பெனிக்காரனே புகை விஷயத்துல ஏமாத்திட்டான்னு பேப்பர்ல போட்டானே, அப்ப என் வண்டி கதி என்ன?" என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஏமாற்று என்றதும் எல்லோரும் வோக்ஸ்வேகனைத்தான் சொல்வார்கள். ஆனால் நம் ஊர் வாடகை வண்டிக்காரருக்கு அதைவிட நெருக்கமான கதை ஒன்று அதற்கு முன்பே நடந்துவிட்டது. செவர்லே டவேரா! பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு சபரிமலை வரை போய் வந்த வண்டி. 2005 முதல் 2013 வரை தயாரான சுமார் 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைப்பதாக 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா அறிவித்தது.

அங்கே கம்ப்யூட்டர் தந்திரம் எதுவும் கிடையாது. நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால் 'மாத்தி வைக்கிற வேலை', அவ்வளவுதான். புதிய மாடல் வண்டி ஒன்றுக்கு ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் போதாது. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளும் அதே தரத்தில் இருக்கின்றனவா என்று அவ்வப்போது எடுத்துச் சோதிப்பார்கள். அப்படிச் சோதனைக்குப் போகிற வண்டிக்குள், புகை குறைவாக விடும் என்று முன்பே பொறுக்கி வைத்த என்ஜினை மாட்டி அனுப்பிவிட்டார்கள். வண்டியின் எடைக் கணக்கிலும் கை வைத்தார்கள், விதி தளர்வாக இருக்கிற பிரிவில் சேர்ந்துவிடலாம் அல்லவா! அரசு அமைத்த விசாரணைக் குழு இதைக் கம்பெனி மோசடி என்றே சொன்னது. கம்பெனி பல ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியது. 2017 முடிவில் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது.

வோக்ஸ்வேகன் செய்தது படித்தவன் செய்கிற திருட்டு. சோதனைக் கூடத்தில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. எத்தனை வினாடி எந்த வேகம் என்பதும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒன்று. இதை வைத்தே 'இது சோதனை' என்று என்ஜின் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். உடனே நல்ல பிள்ளையாகிவிடும். ரோட்டில் இறங்கினால் பழைய குணம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா முதலியோர் அளவுக் கருவியைக் காரின் பின்பக்கம் ஏற்றி, நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜெட்டா கார் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. அந்த முடிவு 2014இல் வெளிவந்தது. 2015 செப்டம்பர் 18இல் அமெரிக்க அரசு நோட்டீஸ் கொடுத்தது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். (பெயர்களைக் கவனித்தீர்களா நண்பர்களே? இரண்டு பேர் நம்ம பக்கத்துக்காரர்கள்!)

கம்பெனி ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? ஐ.சி. என்ஜின் பாடத்தை நினைத்துப் பாருங்கள். எரிதல் சூடாக நடந்தால் டீசல் நன்றாக எரியும், மைலேஜ் கிடைக்கும். கூடவே காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு பிறக்கும். அதைக் குறைக்க வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுகிறோம். அதுதான் ஈ.ஜி.ஆர். சூடு தணியும், ஆக்சைடு குறையும். ஆனால் கரி கூடும், வால்வில் படியும், இழுவையும் கொஞ்சம் குறையும். ஒன்றை அழுத்தினால் இன்னொன்று எழும்புகிறது. இரண்டையும் அடக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் ஏற்பாடு போன்றவை உண்டு. ஆனால் அதற்குக் காசு செலவாகும்.

இந்தியாவில் 2015 டிசம்பரில் வோக்ஸ்வேகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500, ஆக மொத்தம் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ரோட்டில் ஓட்டிச் சோதித்ததில் பாரத் ஸ்டேஜ் நான்கு அளவைப்போல் 1.1 முதல் 2.6 மடங்கு வரை வந்தது. ரோட்டுச் சோதனைக்கு இந்தியாவில் அப்போது விதியே இல்லை, ஆகவே நாங்கள் எதையும் மீறவில்லை என்று கம்பெனி வாதாடியது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தடை கொடுத்தது.

சரி, வண்டிக்காரர் கேள்விக்கு வருவோம். "என் வண்டி எஃப்.சி. பாஸ் ஆகுமா?" தாராளமாக ஆகும். வேடிக்கையே இங்கேதான் இருக்கிறது. புகைச் சோதனை மையத்தில் டீசல் வண்டிக்கு என்ன செய்கிறார்கள்? நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, வருகிற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். பழைய வண்டிக்கு 65, பாரத் ஸ்டேஜ் நான்குக்கு 50 என்பது எல்லை. அது கரியை அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் குழாய் தொடுவதே இல்லை! டவேராவும் சரி, ஜெட்டாவும் சரி, அந்தச் சான்றிதழை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போய்விடலாம். கையில் இருக்கும் சான்றிதழால் கம்பெனி யோக்கியமா என்று கண்டுபிடிக்க முடியாது.

"மைலேஜ் குறையுமா? இழுவை போயிடுமா?" என்பது அடுத்த பயம். மென்பொருளை மாற்றியபின் குறைகிறது என்று பல நாடுகளில் புகார் எழுந்தது. அமெரிக்கக் கார்க்காரருக்குக் காரைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் வசதியும், அதோடு 5,100 முதல் 10,000 டாலர் வரை பணமும் கிடைத்தது. நம்மவருக்குக் கிடைத்தது சர்வீஸ் சென்டர் அழைப்பு மட்டும்தான். அப்போது இந்தியாவில் திரும்ப அழைத்தல் கம்பெனிகள் தாமாக ஒப்புக்கொண்ட ஏற்பாடே தவிர சட்டம் அல்ல. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அரசே கட்டாயப்படுத்தி அழைக்க வழி பிறந்தது. பழைய வண்டி வாங்குகிறவர் யாராவது கேட்டால், ஒன்று சொல்லுங்கள்: சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, திரும்ப அழைத்த வேலை முடிந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் உதவாது.

இன்னொன்று. பட்டறையில் "ஈ.ஜி.ஆரை அடைச்சு விட்ருங்கண்ணே, வண்டி பறக்கும்" என்று கேட்கிற ஓனர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தகரத் துண்டு, கொஞ்ச நேர வேலை. வோக்ஸ்வேகன் கோடிக்கணக்கில் செலவழித்து மென்பொருளில் செய்ததை நம்மாள் தகரத்தில் செய்துவிடுகிறார். பட்டயம் வாங்கி வெளியே போகும் நம்மிடம்தான் நாளைக்கு இந்த ஸ்பேனரைக் கொடுப்பார்கள். வோக்ஸ்வேகன் வழக்கில் 2017இல் அமெரிக்கச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லியாங், 40 மாதம். அவர் முதலாளி அல்ல, என்ஜின் வேலை பார்த்த பொறியாளர்.

2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதுக் கார்களை நிஜ ரோட்டில் ஓட்டிச் சோதிப்பது கட்டாயம். அதற்கு முன் விற்ற வண்டிகளுக்கு அது பொருந்தாது. சத்திரத்தில் வரிசையாக நிற்கும் பழைய டீசல் வண்டிகளுக்கு இன்றும் அந்த ஒரு கரிச் சோதனைதான்.