குதிரைப் பந்தயத் தரவும் ஏஐ முகவர்களும்: கருவியின் விளக்கக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

புதுதில்லி: குதிரைப் பந்தய நேரம், பந்தய விகிதம், முடிவு ஆகியவற்றைத் திரட்டித் தரும் மென்பொருள் கருவிகள், செயற்கை நுண்ணறிவு (ஏஐ) முகவர்களின் பயன்பாட்டுக்கும் வந்துவிட்டன. இத்தகைய கருவியின் தரத்தை அதிலுள்ள தரவுகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனுடன் வரும் விளக்கக் குறிப்பும் தீர்மானிக்கிறது.

முகவர் என்பது என்ன?

கேள்விக்கு விடை தருவதோடு நிற்காமல், வெளியிலுள்ள கருவிகளை இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ மென்பொருளே முகவர் எனப்படுகிறது. முகவரையும் கருவியையும் இணைப்பதற்கான பொது நெறிமுறைகளுள் ஒன்றான 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்', 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை எழுத்தில் தரப்படுகின்றன. முகவர் பொதுவாக இவற்றைப் படித்தே எந்தக் கருவியை, எப்போது அழைப்பது என்று முடிவெடுக்கிறது.

பிழை நேரும் இடங்கள்

லக்ஷ்மிபாய் நகரில் வசிக்கும் ஒருவர், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தில்லி ரேஸ் கிளப்பின் பந்தய விவரங்களை முகவரிடம் கேட்பதாகக் கொள்வோம். கருவி '14:30' என்று நேரம் தருகிறது. அது இந்திய நேரமா, உலகப் பொது நேரமா என்பது குறிப்பில் இல்லையெனில், விடை ஐந்தரை மணி நேரம் தவறலாம்.

பந்தய விகிதத்தில் பிழை நேர்ந்தால் அது நேரடியாகப் பணத்தைப் பாதிக்கும். பின்ன முறையில் '5/2' என்றால், 100 ரூபாய்க்கு 250 ரூபாய் லாபம். கட்டிய பணமும் சேர்ந்து 350 ரூபாய் கிடைக்கும். தசம முறையில் '2.5' என்றால், கட்டிய பணத்தையும் சேர்த்துக் கிடைப்பதே 250 ரூபாய்தான். எந்த முறை என்று குறிப்பிடாத கருவி, முகவரைத் தவறான கணக்குக்கு இட்டுச் செல்லும்.

இந்தியப் பந்தய முடிவுகளில் 'டோட்' தொகை பொதுவாக 10 ரூபாய்ச் சீட்டுக்கு உரியதாக வெளியிடப்படுகிறது. '23' என்ற எண்ணுக்கு 23 ரூபாய் என்பதே பொருள். இதை அறியாத முகவர் 23 மடங்கு எனப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

மதிப்பிடும் அளவுகோல்கள்

நல்ல விளக்கக் குறிப்பு சில கேள்விகளுக்குத் தெளிவான விடை தர வேண்டும். கருவி எந்தெந்தப் பந்தயத் திடல்களின் தரவைத் தருகிறது? தரவு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது? போட்டியிலிருந்து விலக்கப்பட்ட குதிரை எவ்வாறு காட்டப்படுகிறது? ஆட்சேபம் விசாரணையில் இருக்கும்போது வருவது தற்காலிக முடிவா, இறுதி முடிவா?

தரவு இல்லாதபோது கருவி என்ன சொல்லும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். காரணம் கூறாமல் வெற்று விடை வந்தால், 'அன்று பந்தயமே இல்லை' என்று முகவர் பயனரிடம் உறுதியாகச் சொல்லிவிடக்கூடும். பிழை நேர்ந்ததே பயனருக்குத் தெரியாமல் போவதுதான் இதிலுள்ள ஆபத்து.

படிப்பதா, பணம் கட்டுவதா?

கருவி தகவலை மட்டும் தருகிறதா, பணம் கட்டும் செயலையும் செய்கிறதா என்பது மிக முக்கியமான கேள்வி. 'படிக்க மட்டும்' என்று அறிவிக்கும் அடையாளக் குறிக்கு மேற்கண்ட நெறிமுறையில் இடமுண்டு. எனினும் அது ஒரு குறிப்பு மட்டுமே. நம்பகமற்ற இடத்திலிருந்து வரும் கருவியின் அடையாளக் குறியை நம்பக் கூடாது என்று அந்நெறிமுறையே எச்சரிக்கிறது.

இந்தியாவில் இதற்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடை செய்கிறது. ஆகவே, கருவி எந்த எல்லைக்குள் இயங்குகிறது என்பதைத் தெளிவாகக் கூறாத குறிப்பு முழுமையானதாகாது.

எளிய சோதனை

குறிப்பின் தரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கருவியை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் அந்தக் குறிப்பை மட்டும் கொடுத்து, ஒரு பந்தயத்தின் நேரத்தையும் விகிதத்தையும் சரியாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். அவர் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் கேள்வியும் குறிப்பிலுள்ள ஒரு குறையைக் காட்டும். ஐயம் எழுந்தால் மனிதர் கேட்டுத் தெரிந்துகொள்வார். முகவரோ பல வேளைகளில் ஊகித்தே விடை தந்துவிடும். எனவே, முகவர் தரும் பந்தய விவரத்தைப் பந்தயக் கழகத்தின் அதிகாரபூர்வ அறிவிப்புடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே பயனர்களுக்குப் பாதுகாப்பு.