32 வோல்ட் வீடு

அமெரிக்காவின் பழம்பொருள் சந்தைகளில் அவ்வப்போது ஒரு பழைய சன்பீம் மிக்ஸ்மாஸ்டர் கண்ணில் படும். கனத்த உலோக உடம்பு, மாவு கலக்க இரண்டு துடுப்புகள், கீழே கண்ணாடிக் கிண்ணம். பிளக்கைப் பார்த்தால் அந்த ஊர்ச் சுவரில் இன்றும் செருகக்கூடியதுதான். ஆசையாய் வாங்கிப்போய்ச் செருகினால், மோட்டார் வெறிகொண்டதுபோல் சுழன்று, புகைந்து, அத்தோடு சரி. அடிப்பக்கத்தில் பதித்திருக்கும் சின்னத் தகட்டை முதலில் படித்திருக்க வேண்டும். சிலவற்றில் அங்கே 32 வோல்ட் என்று இருக்கும்.

இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, தண்ணீர் பம்பு, ரேடியோ, துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் 32 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய காலம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1916 முதல் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகள் வரை, மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணைகளில் நடந்த வாழ்க்கை அது. அந்த மின்சாரம் பிறந்த இடம் ஒரு கார். பழைய காரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் பழைய 32 வோல்ட் சாதனங்களையும் எளிதில் சீர்செய்துவிடுவது இந்த உறவால்தான்.

ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில், கடைகளின் பணப்பதிவு இயந்திரம் செய்யும் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற இளம் பொறியாளர் வேலை பார்த்தார். கைப்பிடியைச் சுற்றாமலே இயந்திரம் இயங்க ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார். நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டார் என்றால் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் இது விற்பனைக்கு விற்பனை சில நொடி மட்டுமே உழைக்கிறது. அந்தச் சில நொடிக்கு அதன் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றினாலும் அது சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இந்த எளிய உண்மையைக் கெட்டரிங் மறக்கவில்லை.

அப்போது கார் என்ஜினை முன்னால் நின்று கைப்பிடியால் சுற்றித்தான் எழுப்ப வேண்டும். என்ஜின் திடீரென்று பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1909-இல் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கிய கெட்டரிங், அதே சில நொடித் தத்துவத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டருடன் விற்பனைக்கு வந்தன. அதன் மின்னமைப்பு இன்று பார்த்தாலும் வியக்க வைக்கிறது. என்ஜினை எழுப்பும்போது பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். எழுந்த பிறகு அவையே பக்க இணைப்புக்கு மாறி 6 வோல்ட்டில் விளக்கெரிக்கும். என்ஜினைச் சுழற்றிய அதே மோட்டாரை இப்போது என்ஜின் சுழற்றும். மோட்டார் டைனமோவாகிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்.

ஒரு சிறு என்ஜின், ஒரு டைனமோ, ஒரு பேட்டரி. இந்த மூன்றையும் காரிலிருந்து இறக்கி வீட்டு நிலவறையில் வைத்தால் அதுதான் டெல்கோ-லைட். 1916-இல் அது சந்தைக்கு வந்தது. பரவலாக விற்ற மாதிரியின் திறன் 850 வாட். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின், மண்ணெண்ணெயில் ஓடும். பக்கத்தில் மரத்தட்டில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாய் நிற்கும். ஒவ்வொன்றும் ஓர் ஈய-அமில செல். பொத்தானை அழுத்தினால் பேட்டரி டைனமோவை மோட்டாராகச் சுழற்றும், என்ஜின் பிடித்துக்கொள்ளும், பிறகு மின்சாரம் எதிர்த்திசையில் பேட்டரிக்கு ஓடும். காடிலாக்கின் அதே ஏற்பாடு.

ஈய-அமில செல் ஒன்று 2 வோல்ட். 16 ஜாடிகள், ஆகவே 32 வோல்ட். ஏன் பதினாறோடு நிறுத்தினார்கள்? ஜாடி கூடக்கூட விலை கூடும், பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் வேலையும் கூடும். ஜாடியைக் குறைத்தாலோ மின்சாரம் வீட்டைச் சென்று சேராது. 500 வாட் இஸ்திரிப் பெட்டி 110 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்தான் இழுக்கும். 32 வோல்ட்டிலோ ஏறக்குறைய 16 ஆம்பியர். கம்பியில் வெப்பமாக வீணாவது கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே கம்பியில் இழப்பு சுமார் 12 மடங்கு. மாட்டுக்கொட்டகைக்கும் கோழிப்பண்ணைக்கும் விளக்குப் போட வேண்டுமென்றால் தடித்த செம்புக் கம்பி வாங்கியே தீர வேண்டும். 32 என்பது பேட்டரிச் செலவுக்கும் செம்புச் செலவுக்கும் இடையில் எட்டிய சமரசம்.

பேட்டரியின் அளவை அறிந்து அந்த வீடுகள் வாழப் பழகின. 160 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று முழுச் சார்ஜில் தரக்கூடியது ஏறத்தாழ 5 யூனிட். இன்று ஒரு குளிர்சாதனப் பெட்டியும் நாலு விசிறியும் ஒரே நாளில் தின்றுவிடும். ஆகவே துவைக்கும் நாளும் தேய்க்கும் நாளும் என்ஜின் ஓடும் நாளாக இருந்தது. விளக்கும் ரேடியோவும் பேட்டரியில். சூடேற்றுகிற எதுவும் என்ஜின் ஓடும்போது. பின்னர் காற்றாலை வந்து எண்ணெய்ச் செலவைக் குறைத்தது. மொன்டானாவின் ஜேக்கப்ஸ் சகோதரர்கள் செய்த காற்றாலைகள் அவ்வளவு உறுதியானவை. துருவ ஆய்வுப் பயணி பேர்டின் அண்டார்க்டிகா முகாம் வரை ஒன்று போனது.

1935-இல் ரூஸ்வெல்ட் அரசு கிராமப்புற மின்மய நிர்வாகத்தைத் தொடங்கியது. அப்போது அந்நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின்கம்பி எட்டியிருந்தது. கம்பி வந்து சேர்ந்த வீட்டில் 32 வோல்ட் சாதனம் ஒவ்வொன்றும் உதவாத பொருளாயிற்று. பழுதானதால் தூக்கிப்போட்டவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை பரணுக்குப் போயின. எண்பது ஆண்டு கழித்தும் அவற்றுக்கு உயிரூட்ட முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி காருக்கு வருவோம். அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் 1950-களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்டில் ஓடின. நம் ஊரில் 6 வோல்ட் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு, வேகம் குறைந்தால் ஹெட்லைட் மங்கி மஞ்சளாவது நினைவிருக்கும். குறைந்த வோல்ட்டில் எல்லாச் சிக்கலும் இணைப்பில்தான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் எர்த் கம்பி சேஸிஸில் சேரும் இடத்தில் துரு பிடித்து, 0.005 ஓம் தடை சேர்ந்திருக்கிறது. சாதாரண மீட்டரில் அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஓர் இணைப்பில் மட்டும் 1 வோல்ட் தொலைகிறது. ஆறில் ஒன்று! அதே திறனை 12 வோல்ட்டில் எடுத்தால் கரண்ட் பாதி, இழப்பு அரை வோல்ட், அதாவது இருபத்துநாலில் ஒன்று.

விளக்கில் இது இன்னும் கொடுமை. இழை பல்பின் ஒளி வோல்ட்டேஜோடு சமமாகக் குறைவதில்லை, செங்குத்தாகச் சரிகிறது. ஆறு வோல்ட் பல்புக்கு ஐந்து வோல்ட் போனால் ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும். 6 வோல்ட் கார் என்றாலே மங்கல்தான் என்று பலர் அதை 12-க்கு மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கார்கள் புதிதாக இருந்தபோது பனிக்கால விடியலிலும் கிளம்பின, இருட்டுச் சாலையிலும் ஓடின. இணைப்புகளைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தடித்த கம்பி போட்டு இறுக்கினால் இப்போதும் அப்படியே ஓடும். தடையை ஓமில் தேடக் கூடாது. ஒருவரை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லி, அந்த நேரத்தில் இணைப்பின் இரு பக்கத்திலும் வோல்ட்மீட்டர் முனைகளை வைத்துப் பார்க்க வேண்டும். முள் அசைந்தால் களவு அங்கேதான்.

இன்னொரு பாகத்தையும் சொல்ல வேண்டும். வால்வு ரேடியோவுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் தேவை. காரில் இருப்பதோ 6. நேர்மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறாது. அதற்கு வைப்ரேட்டர் என்று ஒன்றைச் செய்தார்கள். விரல் நீளத் தகரக் குப்பிக்குள் ஓர் எஃகு நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்ந்து, மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும். வெட்டுப்பட்ட மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி உயர்ந்த வோல்ட் ஆகும். பழைய கார் ரேடியோவில் பாட்டுக்கு முன் எழும் ரீங்காரம் இந்த நாக்குடையது. பண்ணை வீட்டு ரேடியோக்கள் பலவற்றிலும் இதே குப்பி இருந்தது. நெடுநாள் கிடந்ததில் அதன் தொடுமுனைகள் கறுத்துப்போயிருக்கும். குப்பியின் விளிம்பை மெல்ல நிமிர்த்தித் திறந்து, முனைகளைத் தேய்த்தால் நாக்கு மறுபடி பேசும். கூடவே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் கண்டென்சரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அதை விட்டால் புதுப்பித்த முனைகள் கருகிவிடும்.

32 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனரோ கை மோதிரமோ விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகம் பழுக்கும். அறை நல்ல காற்றோட்டமாக இருக்க வேண்டும்; சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பழைய இஸ்திரிப் பெட்டியின் துணிச்சுற்றுக் கம்பியில் கல்நார் இருக்கக்கூடும். அதைப் பிய்க்காமல் முழுதாக மாற்றுவதே நல்லது. நேர்மின்சாரத்துக்கு ஏற்ற சுவிட்சுதான் போட வேண்டும். மாறுமின்சாரம் நொடிக்கு நூறு தடவையாவது சுழிக்கு வந்து போவதால் சுவிட்சின் பொறி தானே அணையும். நேர்மின்சாரத்தில் அது நீண்டு முனையை எரிக்கும்.

மின்மூலத்துக்குச் சேகரிப்பாளர்கள் இன்று கோல்ஃப் வண்டியின் 8 வோல்ட் பேட்டரிகள் நான்கைத் தொடராகக் கட்டுகிறார்கள். பல்புக்கும் பஞ்சமில்லை, ரயிலிலும் படகிலும் 32 வோல்ட் நெடுங்காலம் நீடித்ததால் அந்த பல்புகள் இன்னும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை, பரணிலிருந்து இறங்கிய மிக்ஸ்மாஸ்டருக்கு முன்னால் தொடராக இணைத்துத்தான் முதல் தடவை சுவிட்சைப் போடுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், மோட்டார் பிழைக்கும். பல்பு மங்கி, துடுப்பு மெதுவாகத் திரும்பத் தொடங்கினால், கார்பன் பிரஷ்ஷைப் பார்த்து, பேரிங்குக்கு எண்ணெய் விட்டு, பிறகு நேராக 32 வோல்ட்டில் ஓட விடலாம்.