வீசிங் சத்தம் நின்றால் நிம்மதியா?

ஆஸ்துமாவோடு வார்டில் சேர்ந்த குழந்தையின் நெஞ்சில் கேட்கும் விசில் சத்தம் பெற்றோரைக் கலங்கடிக்கும். குழந்தை தேறாமலே அந்தச் சத்தம் நின்றுபோனால் கலங்குபவர் மருத்துவர். சுருங்கிய மூச்சுக்குழாயில் காற்று ஓடினால்தானே விசில் வரும்? ஓடவே இல்லையென்றால் எங்கிருந்து வரும்?

அதனால் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் பள்ளம் விழுகிறதா, மூக்குத் துளைகள் விரிகின்றனவா, பேசும் வயதென்றால் ஒரு வாக்கியத்தைத் திணறாமல் முடிக்கிறதா, கைக்குழந்தையென்றால் பால் குடிக்கிறதா? விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை 92 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிலைமை கடுமை. ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேகவேகமாக மூச்சு வாங்கும் குழந்தையின் ரத்தத்தில் கரியமில வாயு குறைவாக இருக்க வேண்டும். ‘நார்மல்’ என்று வந்தால், குழந்தை மூச்சு வாங்கியே களைத்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

தேவைப்பட்டால் ஆக்சிஜன், கூடவே மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால், முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை. இதனால் கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். கடுமையான நிலையில் இப்ராட்ரோப்பியமும் சேரும். உள்வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரமாகும் என்பதால் அதை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். விழுங்க முடிகிற குழந்தைக்கு வாய்வழி மருந்தே ஊசிக்குச் சமம். இவற்றுக்கும் அடங்காவிட்டால் மக்னீசியம் சல்பேட்டை நரம்பில் ஏற்றுவார்கள். இந்தத் தாக்குதல்களைத் தூண்டுபவை பெரும்பாலும் சளி வைரஸ்கள். அதனால் எல்லாக் குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிப்பதில் பயனில்லை.

மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் நெபுலைசர்தான் ‘பெரிய’ வைத்தியம், இன்ஹேலர் சின்னது என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்து ஏன் வருவதில்லை என்று அந்தச் சிறுமி 1955இல் கேட்டாள். மறு ஆண்டே இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. ஆனால் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடந்தாக வேண்டும். குழந்தைகளுக்கு அது கைவராது. இடையில் ஸ்பேசர் என்ற குடுவையை வைத்தால் மருந்து அதில் தங்கும், குழந்தை நிதானமாக ஐந்தாறு மூச்சில் இழுத்துக்கொள்ளும். உயிருக்கு ஆபத்தில்லாத தாக்குதலில் இது நெபுலைசருக்குக் குறைந்ததல்ல.

ஸ்பேசர் வாங்க வசதியில்லாதவர்களுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹீதர் ஸார் குழுவினர் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார்கள். அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவு துளை போட்டு, இடுக்கைப் பசையால் அடைத்தார்கள். கடைச் சரக்குக்கு ஈடாக அது வேலை செய்ததை 1999இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. இடுக்கை அடைக்காத பாட்டில் அவ்வளவு தேறவில்லை. ஸ்பேசராக வைத்துப் பார்த்த தெர்மோகோல் கப் கடைசி.

சால்பியூட்டமால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், ஆக்சிஜன் அளவும் உதவியின்றிச் சரியாக நிற்கிறது என்றானதும் வீட்டுக்கு அனுப்புவார்கள். பலருக்குத் தினசரி இழுக்க ஸ்டீராய்டு இன்ஹேலரும் எழுதித் தருவார்கள். மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகும் அந்த மருந்தை, “பம்பு பழகிடும்” என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு, அடுத்த மழைக்காலத்தில் அதே வார்டுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.