முத்தம்: வாய்விட்டுச் சொல்லுங்கள்

கல்யாணமாகி ஆறு மாதமான பெண் அவள். கணவர் முத்தமிட வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வெறுப்பு ஒன்றும் இல்லை. அவர் இரண்டு நாள் மழிக்காத தாடி மோவாயில் உரசி, சிவந்து எரிகிறது. காலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். அவரோ தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மனசுக்குள் புழுங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். ஒரு சவரத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்!

“இதைப் போய் எப்படிச் சொல்றது?” என்று என்னிடம் கேட்டாள். குழம்பில் உப்புக் குறைந்தால் உடனே சொல்கிற வீடுதான். ஆனால் ‘இப்படி முத்தமிட்டால் பிடிக்கும்’ என்று மனைவி சொன்னால், ‘உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி வந்துவிடுமோ என்று பயம். அந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பது கணவரின் பொறுப்பு.

முத்தத்தின் நடுவே குறை சொன்னால் யாருக்கும் சுருக்கென்று தைக்கும். அப்புறம் நிதானமாக, பிடித்ததிலிருந்து ஆரம்பியுங்கள். “நேத்து அவசரப்படாம இருந்தீங்களே, அது பிடிச்சிருந்தது. தாடிதான் குத்துது.” இவ்வளவு போதும். முத்தத்தில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. உதட்டை இறுக்க வேண்டாம், அழுத்த வேண்டாம், மூச்சை மூக்கால் விடுங்கள். துணையின் உதடு இசைகிறதா, விலகுகிறதா என்று கவனியுங்கள். விலகினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பல் துலக்கியும் வாய்நாற்றம் போகவில்லையென்றால் ஈறு நோயாக இருக்கலாம்; பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. புண் ஆறும்வரை முத்தம் வேண்டாம். பச்சைக் குழந்தையை முத்தமிடவே கூடாது, அதன் உயிருக்கே ஆபத்து. எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது.

சொன்ன பிறகும் பலவந்தம் செய்தால்? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. தாலி கட்டியவருக்கும் அது பொருந்தும். கணவன் மனைவிபோல் சேர்ந்து வாழ்பவருக்கும் பொருந்தும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். முதல் விசாரணையை வழக்கமாக 3 நாளுக்குள் வைக்க வேண்டும். வயது வந்த மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்வதைக் குற்றவியல் சட்டம் இன்னும் வல்லுறவாக ஏற்கவில்லை. இது பெரிய அநியாயம், மாறியே ஆகவேண்டும்.

கணவரல்லாத ஒருவர் பெண்ணைப் பலவந்தமாக முத்தமிட்டால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவின்படி 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம். அங்கே ‘சம்மதித்தாள்’ என்ற பேச்சே எடுபடாது. அந்தரங்கமான நேரத்தில் படமெடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதித்ததாக ஆகாது. அனுப்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிக்கிறீர்களா? பெண்கள் உதவி எண் 181. இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.