இரவில் விரயமாகும் சூரிய மின்சாரம்

உறையூர் வழியே செல்லும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாசனத்தில் வாழை பயிராகிறது. மின்கம்பி எட்டாத தோட்டத்துக் காவற் கொட்டகைக்குச் சூரியப் பலகையும் பாட்டரியும் ஏற்றவை. ஆயினும் விளக்கை அணைத்த பின்னரும் இன்வர்ட்டர் மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். அது 10 வாட் வீதம் இழுப்பின், 12 மணி நேர இரவில் 120 வாட்-மணி விரயமாகும். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இது நாலில் ஒரு பங்கு.

ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் இந்நஷ்டம் மறுநாள் ஈடாவது அரிது. ஈய-அமிலப் பாட்டரி பல நாள் குறைந்த சார்ஜில் கிடப்பின், தகடுகளில் ஸல்பேட் இறுகி அதன் ஆயுள் குன்றும்.

ஆகையால் குடியானவர்கள் இராக்காவலுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கைச் சார்ஜ் கன்ட்ரோலரில் நேரே இணைத்து, இன்வர்ட்டரை மாலையிலேயே நிறுத்திவிடுதல் நலம். கன்ட்ரோலரை மட்டும் நிறுத்தலாகாது. இரவில் பாட்டரியின் மின்சாரம் பலகை வழியே திரும்பிச் செல்லாமல் தடுப்பது அதுவே.