பெயர் சொல்லப்படாத விரல்கள்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பேருந்தொன்றில் அண்மையில் ஒரு மாலைப்பொழுது பயணஞ் செய்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்ததும் சாரதி 'இளைய நிலா' என்னும் பாடலை ஒலிக்கவிட்டார். தொடக்கத்திற் கிதார் தனித்து ஒலிக்க, பேசிக்கொண்டிருந்தோரும் பேச்சை நிறுத்திச் செவிமடுத்தனர். அருகில் நின்ற என் மாணவர் இருவரை வினாவினேன். பாடியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் என்றனர், இயற்றியவர் வைரமுத்து என்றனர், இசை இளையராஜா என்றனர். "கிதார் வாசித்தவர் யார்?" என்றேன். "அது தெரியாது, சேர்" என்றனர்.

அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் படத்தின் பெயரும், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களும் மனப்பாடம். ஒலிப்பதிவுக் கூடத்திற் கூலிக்கு வாசித்துச் சென்ற கலைஞரின் பெயரோ இசைத்தட்டின் உறையிற்கூடப் பெரும்பாலும் இடம்பெற்றதில்லை. கருநாடக இசைக் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் வாசிப்போர் மேடையில் அமர்ந்திருப்பர். அழைப்பிதழில் அவர்தம் பெயர் உண்டு. தனி ஆவர்த்தனமும் உண்டு. திரையிசையில் அந்த மரபு வேரூன்றவில்லை.

இத்தனைக்கும் இப்பாடலுக்கு இசையமைத்தவரே ஒரு காலத்திற் பெயர் சொல்லப்படாத கிதார்க் கலைஞராக இருந்தவர். 1943ஆம் ஆண்டு, இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திற் பிறந்த ராசையா, பதினான்காம் வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவிற் சேர்ந்து ஊரூராகச் சுற்றினார். 1960களின் இறுதியிற் சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைக் குறியீட்டில் எழுதவும் படிக்கவும் பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்விலே தங்கப் பதக்கமும் பெற்றார். வயிற்றுப்பாட்டிற்காகச் சலில் சௌத்ரி முதலான இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளிற் கிதார் வாசித்தார்.

அத்தொழில் எளிதன்று. அந்நாளிற் பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே நேரத்தில் வாசிக்க, பாடல் முழுவதும் ஒருங்கே பதிவாகும். ஒருவர் ஓரிடத்திற் பிழைத்தாலும் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். முன்பின் பாராத இசைக் குறிப்பைக் கண்டவுடன் பிசகின்றி வாசிப்பவருக்கே மறுமுறை அழைப்புக் கிட்டும்.

பின்னர் அவர் ஜி. கே. வெங்கடேஷ் அவர்களிடம் உதவியாளராகி, பெரும்பாலும் கன்னடப் படங்களாக ஏறத்தாழ 200 படங்களிற் பணியாற்றினார். அக்காலத்துச் செய்தியொன்று என் நெஞ்சைத் தொட்டது. தாம் எழுதிய இசை எவ்வாறு ஒலிக்குமென்று கேட்டறிய அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே, இடைவேளையில் இளைப்பாறும் வாத்தியக்காரரிடம் வேண்டி, தம் குறிப்புகளிற் சிலவற்றை வாசித்துக் காட்டச் செய்வாராம்! சக கலைஞர்கள் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்ததனால் அவர் தம் இசையைத் தாமே முதன்முதலாகக் கேட்டார். 1976இற் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' படத்தில் அவருக்கு வாய்ப்பளித்து, 'இளைய' என்னும் அடைமொழியையும் சூட்டினார். பின்னர் அவர் இசையமைத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டின.

மேனாடுகளிலும் இவ்வாறு மறைந்திருந்து வாசித்துப் பின்னர் புகழெய்தியோர் உளர். லண்டனில் ஜிம்மி பேஜும், லொஸ் ஏஞ்சலிஸிற் கிளென் காம்பெலும் 1960களிற் பிறருடைய இசைத்தட்டுகளுக்குக் கிதார் வாசித்தவர்களே. ஆயினும், வெளிச்சத்துக்கு வந்தவர் ஒருவரெனின், கூடத்தினுள்ளேயே வாழ்நாளைக் கழித்தவர் பலர். நம் மலைநாட்டுத் தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்த கையின் பெயர் இராது. அதனைக் கண்டு பழகிய நமக்கு இதன் வருத்தம் புரியாததன்று.

பெயர் என்பது வெறும் புகழ்ச்சியன்று. கலைஞனுக்கு அதுவும் ஓர் ஊதியம். அடுத்த அழைப்பைத் தேடித் தருவதும் அதுவே. ஆதலின் நம் பாடசாலை விழாக்களிலேனும், பாடுவோர் பெயருடன் ஆர்மோனியமும் தபேலாவும் வாசிக்கும் பிள்ளைகளின் பெயர்களையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவோமாக. இதற்கு ஆகும் செலவு இரண்டு வரி மை மட்டுமே.

1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் அப்பாடலுக்குக் கிதார் வாசித்தவர் சந்திரசேகர் என்னும் கலைஞர். அக்குறணையில் இறங்குமுன் மாணவருக்கு அதனைச் சொன்னேன். அவர்களில் ஒருவன் அப்பெயரை மெல்ல இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.